15 ஆயிரத்துக்குள்ள கலர் ஈ-ரீடர்: தமிழ் படிக்க வாங்கலாமா, இல்ல கருப்பு வெள்ளையே போதுமா?

பெரம்பூர்_வாசகி

எல்லாருக்கும் வணக்கம். போன்லயே படிச்சு படிச்சு கண்ணு எரியுது, ராத்திரி ஆனா தலைவலியும் சேர்ந்துக்குது, அதனால படிக்கறதுக்குன்னே தனியா ஒரு சாதனம் வாங்கலாம்னு இருக்கேன். பட்ஜெட் 15 ஆயிரம், அதுக்கு மேல இப்போதைக்கு முடியாது.

இப்ப என் முன்னாடி மூணு இருக்கு. தெரிஞ்சவங்க மூலமா ஒரு கோபோ கிளாரா கலர், 6 இன்ச், வெளிநாட்டுலேந்து வந்தது, யூஸ் பண்ணினது, 11 ஆயிரம் சொல்றாங்க. ரெண்டாவது, ரிச்சி தெருவுல ஒரு கடைல "கலர் ஈ-புக் டேப்லெட்"னு 7 இன்ச்ல ஒன்னு காட்டினாங்க, 6500தான், கலர் பளிச்சுனு இருந்துச்சு. மூணாவது, பேசாம சாதா கருப்பு வெள்ளை ஈ-ரீடர் ஒன்னு வாங்கிடறது.

நான் படிக்கறது பெரும்பாலும் தமிழ்தான். பழைய நாவல், கட்டுரை, நெறைய ஸ்கேன் பண்ணின பிடிஎஃப். காலைல பெரம்பூர்லேந்து சென்ட்ரல், அங்க எறங்கி பார்க் ஸ்டேஷன் மாறி கிண்டி, ரயில்ல போற நேரந்தான் எனக்கு படிக்கற நேரம். பொண்ணு நாலாவது படிக்கறா, அவளுக்கும் படக்கதை, ஸ்கூல் புக்கு எல்லாம் இதுலயே காட்டலாம்னு ஒரு ஆசை, அதனாலதான் கலர் பக்கம் மனசு போகுது. இந்த கலருக்குன்னு கூடுதலா குடுக்கற காசு நிஜமாவே பிரயோஜனமா, யாராவது யூஸ் பண்றவங்க சொல்லுங்களேன்.

திரை_ஆர்வலன்

மேடம், மொதல்ல ஒன்னு தெளிவு பண்ணிக்கலாம், ஏன்னா நீங்க சொன்ன முதல் ரெண்டும் ஒரே ஜாதி பொருளே கிடையாது. கலர் ஈ-ரீடர்னு மார்க்கெட்ல ரெண்டு வகையா விக்கறாங்க. ஒன்னு ஈ இங்க் திரை, அது வெளிச்சத்தை காகிதம் மாதிரி திருப்பி அனுப்பும், இன்னொன்னு போன் மாதிரி பின்னாடியேந்து வெளிச்சம் அடிக்கற சாதாரண எல்சிடி டேப்லெட், அதுக்கு ஈ-புக்குன்னு பேர் மட்டும் வெச்சிருப்பாங்க. ரிச்சி தெருவுல 6500க்கு கலர் பளிச்சுனு இருந்துச்சுன்னு சொல்றீங்கள்ல, அந்த பளிச்சே போதும், அது எல்சிடி. கடைல சோதிச்சு பாக்கறதும் ஈஸி. திரையோட லைட்டை பூஜ்யத்துக்கு கொண்டு போங்க, கடை வெளிச்சத்துல பக்கம் அப்பவும் காகிதம் மாதிரி தெரிஞ்சா ஈ இங்க், ரொம்ப மங்கிட்டாலோ இருட்டாயிட்டாலோ எல்சிடி. கடை வாசல்ல வெயில்லயும் ஒரு தடவ பிடிச்சு பாருங்க, ஈ இங்க்ல எழுத்து இன்னும் தெளிவாகும், எல்சிடில உங்க முகந்தான் தெரியும். கண்ணு எரிச்சலுக்காக வாங்கறீங்கன்னா போன்லேந்து இன்னொரு எல்சிடிக்கு போறதுல பெருசா மாத்தம் இருக்காது.

இன்னொன்னு, இந்த மலிவு 7 இன்ச் டேப்லெட்ல நிறைய வர்றது 1024க்கு 600 திரை, கணக்கு போட்டா இன்ச்சுக்கு 170 புள்ளிதான் வருது. இப்ப வர்ற ஈ-ரீடர்கள்ல கருப்பு எழுத்துக்கு பெரும்பாலும் 300. தமிழ்ல இந்த வித்தியாசம் இங்கிலீஷை விட ஜாஸ்தியா தெரியும், ஏன்னா நம்ம எழுத்துல சுழி ஜாஸ்தி, மேல புள்ளி வேற. எழுத்து சின்னதாச்சுன்னா ன, ண ரெண்டும் குழம்பிடும், புள்ளி கரைஞ்சு போய் க் எல்லாம் க ஆயிடும்.

இப்ப கலர் ஈ இங்க்குக்கு வர்றேன். கிளாரா கலர்ல இருக்கறது கலெய்டோ 3ங்கற திரை, 2022ல வந்த தொழில்நுட்பம். அடில இருக்கறது அதே கருப்பு வெள்ளை ஈ இங்க்தான், அதுக்கு மேல சிவப்பு பச்சை நீலம்னு ஒரு பில்டர் அடுக்கு போட்டிருக்காங்க, அவ்ளோதான். அதனால கருப்பு எழுத்துக்கு 300 புள்ளி அப்படியே இருந்தாலும் கலருக்கு 150 ஆயிடுது. மொத்தம் 4096 கலர், எப்படின்னா ஒவ்வொரு நிறத்துக்கும் 16 அளவு, 16ஐ 16ஆல பெருக்கி திரும்ப 16ஆல பெருக்கினா அந்த எண்ணிக்கைதான். போன் கலர் மாதிரி எதிர்பார்க்கக்கூடாது, ஞாயித்துக்கிழமை பேப்பரோட வர்ற இணைப்புல படம் கொஞ்சம் மங்கலா அச்சாயிருக்கும்ல, கிட்டத்தட்ட அந்த கலர்.

முக்கியமானது, அந்த பில்டர் நீங்க கலரே பாக்காத பக்கத்துலயும் அங்கதான் இருக்கும். உள்ள போற வெளிச்சத்துல ஒரு பங்கை அது குடிச்சிடும், அதனால லைட் போடாம பாத்தா பின்னணி வெள்ளையா இல்லாம சாம்பலா தெரியும், உத்து பாத்தா லேசா ஒரு வலைப்பின்னல் மாதிரியும் தெரியும். வீட்டுக்குள்ள அனேகமா எப்பவும் முன்விளக்கை, அதாவது ரீடர்லயே இருக்கற லைட்டை, போட்டுத்தான் படிக்கணும், பேட்டரியும் அதுக்கேத்த மாதிரி சீக்கிரம் எறங்கும். நூறு பக்கத்துல ஒரு பக்கம் கலருக்காக மிச்ச தொண்ணூத்தி ஒம்போது பக்கத்தையும் கொஞ்சம் மங்கலா படிக்கறோம், இதைத்தான் நீங்க யோசிக்கணும். நாவல் படிக்கறவங்களுக்கு என்னோட வோட்டு கருப்பு வெள்ளைக்குத்தான்.

ஏடு_தொகுப்பாளர்

திரை_ஆர்வலன் சொன்னதுல எனக்கு முழு உடன்பாடு, ஆனா தமிழ் படிக்கறவங்களுக்கு கலரை விட பெரிய விஷயம் ரெண்டு இருக்கு, அதை யாரும் விமர்சனத்துல சொல்ல மாட்டேங்கறாங்க. நான் மின்னூல் உருவாக்கற வேலைல கொஞ்சம் இருக்கேன், அதனால கொஞ்சம் விரிவா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

மொதல்ல திரை அளவு. நீங்க சொல்ற ஸ்கேன் பிடிஎஃப் எல்லாம் ஏ4 பக்கமா இருந்தா அதோட அகலம் 8.3 இன்ச். 6 இன்ச் ரீடரோட அகலம் சுமாரா 3.6 இன்ச். அதாவது பக்கம் பாதிக்கும் கீழ சுருங்குது, 12 பாயின்ட் எழுத்து 5 பாயின்ட் ஆயிடுது, அதை யாராலயும் ரயில்ல உக்காந்து படிக்க முடியாது. 7 இன்ச்ல 6 பாயின்ட், பெரிய முன்னேற்றம் இல்ல. 10.3 இன்ச் இருந்தாத்தான் 9 பாயின்ட் வரும், அது உங்க பட்ஜெட்ல கிடையாது. பழைய நாவல்கள் ஏ4 இல்ல, சின்ன சைஸ் புக்கு, அதனால மார்ஜின வெட்டிட்டா 6 இன்ச்லயே ஓரளவு சமாளிக்கலாம். ஆகவே கலரா இல்லையான்னு கேக்கறதுக்கு முன்னாடி உங்க பிடிஎஃப் பக்கம் எவ்ளோ பெருசுன்னு பாருங்க.

இதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு. கோரீடர்னு ஒரு இலவச சாப்ட்வேர், கோபோலயும் பாக்கெட்புக்லயும் ஆண்ட்ராய்டு ரீடர்கள்லயும் போடலாம். அதுல ரீஃப்ளோன்னு ஒரு வசதி இருக்கு, ஸ்கேன் பக்கத்தை படமாவே எடுத்துக்கிட்டு வார்த்தை வார்த்தையா வெட்டி, பெருசாக்கி, திரைக்கு ஏத்த மாதிரி திரும்ப அடுக்கி குடுக்கும். எழுத்தை படிச்சு புரிஞ்சுக்கிட்டு செய்யறது இல்ல, படத்துல எங்க இடைவெளி இருக்குன்னு பாத்து வெட்டுது, அதனால தமிழா இங்கிலீஷான்னு அதுக்கு கவலையே இல்ல. கே2பிடிஎஃப்ஆப்ட்னு ஒரு புரோகிராம் இதே வேலையை கம்ப்யூட்டர்லயே செஞ்சு குடுக்கும், அப்படி மாத்தின ஃபைலை எந்த ரீடர்லயும் போட்டுக்கலாம், அமேசானோட கிண்டில் உட்பட. தமிழ் ஸ்கேன் படிக்கறவங்க கட்டாயம் கத்துக்க வேண்டிய ஒரே கருவின்னா நான் இதைத்தான் சொல்லுவேன்.

கலர் ரீடர்ல பழைய ஸ்கேனுக்கு இன்னொரு தொல்லை இருக்கு, நெறைய பேருக்கு தெரியாது. பழைய புக்கோட தாள் பழுப்பேறி இருக்கும், ஸ்கேனும் கலர்லயே பண்ணியிருப்பாங்க. கருப்பு வெள்ளை ரீடர் அந்த பழுப்பை வெறும் சாம்பலா காட்டும், ஆனா கலர் ரீடர் அந்த பழுப்பையும் நிறமா காட்ட பாக்கும், அப்ப பக்கம் முழுக்க பொரிப்பொரியா ஆகி எழுத்தும் பின்னணியும் ஒன்னோட ஒன்னு கலந்துடும். கான்ட்ராஸ்ட் கூட்டி, பக்கத்தை கருப்பு வெள்ளையா மாத்திட்டுத்தான் படிக்கணும். அதாவது கலருக்கு காசு குடுத்துட்டு கலரை எடுக்க வேலை பாக்கறது, உங்க உபயோகத்துக்கு அது தேவையில்லாத சுத்து.

ரெண்டாவது விஷயம் தமிழ் எழுத்து சரியா வருதாங்கறது. ஈபப் ஃபைல், அதாவது திரைக்கு ஏத்த மாதிரி எழுத்து அமையற மின்னூல் ஃபைல், ஒன்னு எடுத்துட்டு போய் திறந்து பாருங்க. கொ, கோ, கௌ இதெல்லாம் ஒழுங்கா சேர்ந்து வருதா, இல்ல கொம்பு தனியா காலு தனியா நடுவுல ஒரு புள்ளி வட்டம் வெச்சு நிக்குதா, ஸ்ரீ, க்ஷ சரியா இருக்கா, வரி முடிவுல எழுத்து நடுவுல உடையுதான்னு பாருங்க. சில ரீடர்கள்ல தமிழ் ஃபான்ட்டே இருக்காது, நாமளே போடணும், போட்டாலும் ஈபப்பை அப்படியே போட்டா ஒரு மாதிரியும் கேலிபர்ங்கற கம்ப்யூட்டர் சாப்ட்வேர் வழியா கோபோவோட சொந்த வடிவமான கெபப் ஆக்கிப் போட்டா வேற மாதிரியும் வரும். கோரீடர்ல பெரும்பாலும் இந்த பிரச்சனை வராது. கிண்டில்ல தமிழ் புக்கு கடையே 2016லேந்து இருக்கறதால எழுத்து ஒழுங்காத்தான் வரும்.

இன்னொரு தகவல், ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்துல நெறைய புக்குக்கு ஏ4 பிடிஎஃப் தனியா, 6 இன்ச் பிடிஎஃப் தனியா, ஈபப் தனியா குடுத்திருக்காங்க. அந்த 6 இன்ச் பிடிஎஃப்ல எழுத்து உடையற பேச்சே இல்ல, நேரா போட்டு படிக்கலாம். மதுரைத் திட்டம் 1998லேந்து பழைய இலக்கியத்தை தட்டச்சு பண்ணி குடுத்துட்டு இருக்காங்க, அங்க இருக்கற பழைய கோப்புகள்ல சிலது டிஸ்கிங்கற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டுல இருக்கும், அதை போட்டா ரீடர்ல குப்பையா வரும், யூனிகோட் கோப்பா பாத்து எடுங்க.

மடிப்பாக்கம்_அம்மா

பொண்ணுக்கும் சேர்த்துன்னு கேட்டீங்க இல்லையா, அந்த பகுதிக்கு மட்டும் நான் பதில் சொல்றேன், என் பசங்களும் அதே வயசுதான்.

படக்கதைக்கு ஸ்டோரிவீவர் பாருங்க, பிரதம் புக்ஸ் நடத்தறது, தமிழ்ல எக்கச்சக்கமா இருக்கு, காசு கிடையாது, டவுன்லோடும் பண்ணிக்கலாம். ஆனா அந்த படங்கள் எல்லாமே அவ்ளோ உசுரோட வரைஞ்சிருப்பாங்க, கலெய்டோ திரைல பாத்தா அந்த மஞ்சளும் ஆரஞ்சும் செத்துப் போயிடும், எனக்கு மனசே ஆறல. குழந்தைக்கு மொத மொதல்ல படப் புத்தகம் காட்டறப்போ நிறம் நிறமா இருக்கணும். அதுக்கு காகித புக்கு, இல்லேன்னா வீட்ல ஏற்கனவே இருக்கற டேப்லெட், லேப்டாப் எதுவா இருந்தாலும் போதும்.

ஸ்கூல் புக்கு விஷயத்துல பாடநூல் கழகம் எல்லா புக்கையும் பிடிஎஃப்பா இலவசமா குடுக்குது, அது வசதிதான், ஆனா பக்கம் பெருசு, ஓரத்துல பெட்டி போட்டு குறிப்பு, நடுவுல படம், கீழ பயிற்சின்னு இருக்கும், 6 இன்ச்ல ஒரு பக்கத்தை பாக்கறதுக்குள்ள குழந்தை எழுந்து போயிடும். ரீஃப்ளோ பண்ணினா அந்த பெட்டி எல்லாம் இடம் மாறி அர்த்தமே மாறிடுது. அப்புறம் 2018ல வந்த புதுப் பாடத்திட்டத்துலேந்து புக்குல கியூஆர் கோடு வெச்சிருக்காங்க, அதை ஸ்கேன் பண்ணினா வீடியோ வரும், ஈ இங்க்ல வீடியோ ஓட்டறது ஆகாத காரியம். பொண்ணோட தேவை வேற, உங்க தேவை வேற, ரெண்டையும் ஒரே பொருள்ல அடைக்கணும்னு பாத்தா ரெண்டு பேருக்கும் அரைகுறையாத்தான் கெடைக்கும். பொதுவா சொல்றேன், அம்மாவோட படிக்கற நேரத்துக்குன்னு ஒரு பொருள் வாங்கறதுல தப்பே இல்ல, அதை பொண்ணு பேர் சொல்லி நியாயப்படுத்தணும்னு அவசியமும் இல்ல.

தேர்வுக்குப்_படிப்பவன்

எல்லாரும் கருப்பு வெள்ளைன்னு ஒரே பக்கமா சொல்றீங்க, நான் கலர் ரீடர் வெச்சிருக்கேன், திருப்தியாவே இருக்கேன், அதனால மறுபக்கத்தையும் சொல்லிடறேன்.

நான் டிஎன்பிஎஸ்சிக்கு படிக்கறேன். வரைபடம் பாக்கணும், மண் வகை, மழை அளவு, ஆறு எல்லாம் நிறம் வெச்சுத்தான் பிரிச்சிருப்பாங்க, கருப்பு வெள்ளைல அஞ்சு நிறமும் ஒரே சாம்பல், எது எதுன்னே தெரியாது. அதோட ஹைலைட்டு. மஞ்சள் ஒரு தலைப்புக்கு, சிவப்பு இன்னொன்னுக்குன்னு கோடு போட்டு வெச்சா ரிவிஷன் பண்றப்போ கண்ணு தானா போய் நிக்குது. இதுக்கு 4096 கலரே ஜாஸ்தி, நாலு கலர் போதும், அந்த நாலு கலர் கலெய்டோல நல்லாவே தெரியுது. மொட்டை மாடில, மெரினால, வெளி வெளிச்சத்துல பாத்தா கலர் இன்னும் தெளிவா இருக்கும், அறைக்குள்ள டியூப்லைட்ல பாத்துட்டு மங்கல்னு முடிவு கட்டிடாதீங்க.

சாம்பல் பின்னணி நிஜம், மறுக்கல. முன்விளக்கை பாதி வெச்சுட்டா எனக்கு அது தொந்தரவா தெரியல. பாடம், வரைபடம், குறிப்பு எடுக்கறதுன்னு படிக்கறவங்களுக்கு கலர் வெறும் அலங்காரம் இல்ல. ஆனா மேடம் கேட்டிருக்கறது நாவலும் ஸ்கேனும், அந்த லிஸ்ட்ல கலர் வேலை செய்யற இடம் எனக்கும் தெரியல.

பெரம்பூர்_வாசகி

இவ்ளோ பொறுமையா எழுதினதுக்கு எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரிச்சி தெரு டேப்லெட்டை மனசுலேந்து எடுத்துட்டேன். பொண்ணுக்கு வீட்டு லேப்டாப்லயே ஸ்டோரிவீவர் போட்டு குடுத்தேன், அவ இப்பவே ரெண்டு கதை முடிச்சுட்டா. நான் படிக்கற பிடிஎஃப்லாம் திறந்து பாத்தேன், முக்கால்வாசி பழுப்பு தாள் ஸ்கேன்தான், புக்கு சைஸ் சின்னது.

ஒரே ஒரு குழப்பம் பாக்கி. கிளாரா கலர் 11 ஆயிரத்துக்கு வருதே, விலை கம்மியாச்சே, வேணாங்கற நேரத்துல கலரை கண்டுக்காம அதையே கருப்பு வெள்ளையா யூஸ் பண்ணிக்கலாமே? அந்த விலை நியாயமா?

திரை_ஆர்வலன்

விலைய இப்படி பாருங்க. 2024 ஏப்ரல்ல கோபோ கிளாரா கலரும் கிளாரா பிடபிள்யூவும் ஒன்னாத்தான் அறிவிச்சாங்க, அமெரிக்க விலை கலருக்கு 149.99 டாலர், கருப்பு வெள்ளைக்கு 129.99. ரெண்டுத்துக்கும் நடுவுல 20 டாலர்தான் வித்தியாசம். அதே வருஷம் அக்டோபர்ல கிண்டில் கலர்சாஃப்ட் வந்தப்போ 279.99 டாலர், அதே சமயத்துல வந்த கருப்பு வெள்ளை பேப்பர்ஒயிட் 159.99, அங்க வித்தியாசம் 120 டாலர். ஒரே மாதிரி கலர் வசதிக்கு ஒரு கம்பெனி 20 வாங்கிச்சு, இன்னொன்னு 120 வாங்கிச்சு. திரை அளவு, ஸ்டோரேஜ் எல்லாம் வேற வேறதான், இருந்தாலும் கலர் அப்படிங்கற சொல்லுக்கே எவ்ளோ விலை போடறாங்கன்னு இதுல தெரியும்.

உங்க 11 ஆயிரத்தை புது விலையோட ஒப்பிட்டா பெருசா ஒன்னும் குறையல, ஏன்னா யூஸ் பண்ணினது, வெளிநாட்டுது, இங்க வாரன்ட்டி இருக்காது. 8, 9 ஆயிரம்னா யோசிக்கலாம். கிளாரா கலர்ல ஒரு நல்ல குணம், ஐஃபிக்ஸிட்ங்கற ரிப்பேர் வழிகாட்டி தளத்தோட சேர்ந்து பிரிச்சு ரிப்பேர் பண்ற வழிமுறையும் உதிரி பாகமும் குடுக்கறாங்க, பேட்டரி போனா தூக்கிப் போட வேண்டியதில்ல. செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்களுக்கு அது பெரிய விஷயம்.

அப்புறம் கலரை கண்டுக்காம கருப்பு வெள்ளையா யூஸ் பண்ணலாமான்னு கேட்டீங்க. செட்டிங்ல கலரை அணைச்சாலும் அந்த பில்டர் அடுக்கு திரை மேலதான் ஒட்டியிருக்கு, வெளிச்சத்தை அது வாங்கிக்கத்தான் செய்யும்.

ஏடு_தொகுப்பாளர்

நேர்ல பாக்காம வேணாம்னும் சொல்லிடாதீங்க, உங்க கண்ணுக்கு எது ஒத்து வருதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். போறப்போ கேபிள் எடுத்துக்கோங்க, உங்க ஃபைல்லயே பழுப்பு ஸ்கேன் ஒன்னு, ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் ஈபப் ஒன்னு, அவங்களோட 6 இன்ச் பிடிஎஃப் ஒன்னு ஏத்தி அங்கயே திறந்து படிங்க. லைட்டை முழுசா அணைச்சு ஒரு பக்கம், முழுசா ஏத்தி ஒரு பக்கம். முன்விளக்கு ஒரு மூலைல மட்டும் மஞ்சளா இருக்கா, திரைல அசையாத புள்ளி இருக்கா பாருங்க. முக்கியமா பழைய ஓனர் தன் அக்கவுன்ட்லேந்து வெளிய வந்து ஃபேக்டரி ரீசெட் உங்க கண்ணு முன்னாடி பண்ணி குடுக்கணும், அது இல்லாம காசு குடுக்காதீங்க. அப்புறம் வைஃபைல கனெக்ட் ஆகி உங்க பேர்ல புது அக்கவுன்ட் போட முடியுதான்னும் பாத்துடுங்க.

முடிஞ்சா அதே நாள்ல தெரிஞ்சவங்க யாராவது வெச்சிருக்கற கருப்பு வெள்ளை ரீடரை வாங்கி பக்கத்துல வெச்சு அதே பக்கத்தை பாருங்க. தனியா பாத்தா கண்ணு பழகிடும், பக்கத்துல வெச்சா அஞ்சு நிமிஷத்துல முடிவு தெரிஞ்சிடும்.

பெரம்பூர்_வாசகி

சரி சார், ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட கருப்பு வெள்ளை பேப்பர்ஒயிட் இருக்கு, சனிக்கிழமை ஒரு நாளைக்கு தரேன்னு சொல்லிட்டார். ரெண்டையும் ஜன்னல் ஓரத்துலயும் டியூப்லைட் அடிலயும் வெச்சு பாத்துட்டு இங்கயே எழுதறேன். கே2பிடிஎஃப்ஆப்ட் இப்பத்தான் டவுன்லோட் பண்ணினேன், அதுல தமிழ் ஸ்கேனுக்கு எந்த செட்டிங் வெச்சா நல்லா வரும்னு மட்டும் யாராவது சொல்லுங்களேன்.

ஏடு_தொகுப்பாளர்

எடுத்த உடனே எதையும் மாத்தாம பத்து பக்கத்தை மட்டும் குடுத்து ஓட்டி பாருங்க. கொம்பு, கால் எல்லாம் எழுத்தை விட்டு பிரிஞ்சு அடுத்த வரிக்கு போகுதுன்னா வார்த்தை இடைவெளி அளவை கொஞ்சம் கூட்டுங்க, ஈய எழுத்து கோத்து அச்சடிச்ச காலத்து புக்குல எழுத்துக்கு நடுவுல இடம் ஜாஸ்தியா விட்டிருப்பாங்க, அதனாலதான் அப்படி ஆகும். கலர் அவுட்புட் வேணாம், பழுப்பு போக கான்ட்ராஸ்ட் கூட்டிக்கோங்க. செய்யுள் இருக்கற புக்குன்னா ரீஃப்ளோவே வேணாம், அடி எல்லாம் ஒன்னோட ஒன்னு ஓடிடும், அதுக்கு மார்ஜின் வெட்டறது மட்டும் வெச்சு ரீடரை படுக்க வெச்சு படிங்க.

ஃபைல்ல எங்கயாவது மாட்டிக்கிட்டா ஒரு பக்கத்தை படம் எடுத்து இங்க போடுங்க, பாத்து சொல்றேன்.